"இதே மாதிரி ஒன்று" முதல் நூறு வரை: கண்டி வீட்டு கராஜில் சி.என்.சி. பட்டறை – முழுமையான வழிகாட்டி

கட்டுகஸ்தோட்டையிலோ கெலிஓயாவிலோ ஒரு லேத் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இந்தக் காட்சி கிடைக்கும். தேயிலை ஆலை மெக்கானிக் ஒருவர் வந்து இறங்குவார். கையில் பழைய பத்திரிகைத்தாளில் சுற்றிய, கிரீஸ் அப்பிய ஒரு புஷ். "பாஸ், இதே மாதிரி ஒன்று வேணும். பின்னேரத்துக்குள்ள முடியுமா?" பாஸ் அதை வாங்கி, வேர்னியரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்து, கன்மெட்டல் துண்டொன்றை லேத்தில் மாட்டுவார். பிளேன்டி குடித்து முடிவதற்குள் சாமான் தயார்.

அதே புஷ்ஷோடு அவர் உங்கள் கராஜுக்கு வந்தால் என்ன ஆகும்? கணினியில் வரைய அரை மணி. வெட்டும் பாதை போட அரை மணி. எப்படிப் பிடிப்பது என்று யோசிக்க ஒரு மணி. கடைசியில், அடுத்த தெரு பாஸ் வாங்கும் கூலியைத்தான் நீங்களும் வாங்க முடியும்.

கண்டிச் சந்தை "ஒன்று" கேட்கிறது. சி.என்.சி. என்ற, கணினி ஓட்டும் தானியங்கி இயந்திரத்துக்குத் தேவையோ "நூறு". வீட்டில் பட்டறை தொடங்குகிற பலரும் இயந்திரத்தைத் தேடுவதில் ஒரு வருடம் செலவழிக்கிறார்கள், அந்த நூறைத் தேட ஒரு கிழமை கூட ஒதுக்குவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி இயந்திரத்தில் தொடங்கவில்லை.

முதற்படி: திரும்பத் திரும்ப வரும் வேலையைக் கண்டுபிடியுங்கள்

இந்த ஊருக்குப் பட்டறைத் தொழில் புதிதில்லை. ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில்தான் தன் பொறியியல் பட்டறையைத் தொடங்கினார். பின்னர் கொழும்பில் பெரிய கம்பனியாக வளர்ந்த வோக்கர் சன்ஸ் அதுதான். அன்று மலையெங்கும் கோப்பி. கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர் இயந்திரங்களைச் செய்வதும் திருத்துவதும்தான் பிழைப்பு. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது, அடுத்த இருபது வருடத்தில் கோப்பி போய்த் தேயிலை வந்தது, பட்டறைகளும் தேயிலை இயந்திரத்துக்கு மாறின. மலையில் என்ன விளைகிறதோ அதற்கான உதிரிப்பாகமே இங்கு வேலை. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பதினைந்து நாள் அலையுங்கள். தேயிலை ஆலைகளில் கன்வேயர் உருளைகள், அவற்றின் புஷ்கள், இடைவளையங்கள் ஒரே அளவில் டசின் கணக்கில் தேய்கின்றன. மெக்கானிக் ஒன்று ஒன்றாகக் கொண்டுவருவது, உடைந்தபோது மட்டும் அவர் நினைப்பதால். "வருடத்துக்கு எத்தனை மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி இருக்கும். மாத்தளைப் பக்கம் மிளகு, கறுவா, மஞ்சள் அரைக்கும் ஆலைகள். பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரம் வரிசையாக நிற்கும் பித்தளைக் கடைகளுக்குப் பொருள் செய்யும் வீடுகள்: அவர்களுக்கு அச்சு, மாதிரி, பெயர்ப்பலகை, விளக்குத் தண்டின் திருகு மரை தேவைப்படும். 1964இலிருந்து பேராதனையில் இருக்கும் பொறியியல் பீடத்தின் மாணவர்களுக்கு இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு உதிரிப்பாகம் வேண்டும். நல்ல பிள்ளைகள், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒன்றே ஒன்று வேண்டும், அதுவும் நாளைக்கே. அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம், சம்பாதிக்க முடியாது.

கொப்பியில் மூன்று பத்தி போதும்: சாமான், வருடத்துக்கு எத்தனை, இப்போது என்ன விலை. உள்ளங்கையில் அடங்குவது, வருடத்துக்கு ஐம்பதுக்கு மேல் போவது, மூன்று பேராவது வாங்குவது – இந்த மூன்றும் சேர்ந்த நான்கு சாமான் கிடைத்த பிறகுதான் இயந்திரம் பார்க்கப் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தட்டையான தகட்டில் உருவம் வெட்டுவதும் துளை போடுவதும் மட்டுமே வேலையென்றால் லேசர் வெட்டுக்காரர் உங்களைவிட மலிவாகவும் வேகமாகவும் செய்வார். அங்கே போட்டிக்குப் போக வேண்டாம். ஆழம், குழி, மரை, சரிவு உள்ளவையே உங்களுக்கானவை.

கராஜ்: பாதை, தரை, மலை

கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். சமதரையில் கட்டிய வீடு அதிர்ஷ்டசாலிகளுக்குத்தான். பாதி கராஜ்கள் வீதி மட்டத்தில் மண் நிரப்பி, கல் அணைகட்டி, மேலே சீமெந்து போட்டவை. கார் நிற்கத் தாங்கும் தரை இயந்திரத்தையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. காரின் பாரம் நான்கு சக்கரத்தில் பிரிகிறது, இரவில் அசையாமல் நிற்கிறது. இயந்திரம் சிறு இடத்தில் நின்று நாள் முழுக்க அதிர்கிறது. நிரப்பிய மண் கொஞ்சம் இறங்கினாலும் மட்டம் போய்விடும்.

மேசை அளவுச் சிறு இயந்திரத்துக்கு இருக்கும் தரையே போதும். அரைத் தொன்னுக்கு மேல் போனால் அந்த இடத்தை மட்டும் உடைத்து, கம்பி கட்டி, 150 மி.மீ. தடிப்பில் கொங்கிரீட் போடுங்கள். கண்டி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். புதிதாகக் கராஜ் கட்டவோ சரிவை வெட்டி அகலமாக்கவோ எண்ணினால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

பாதையை மறந்துவிட்டு இயந்திரம் வாங்கியவர்கள் உண்டு. லொறி எதுவரை வரும், வளைவில் திரும்புமா, இறக்கத்தில் பாரத்தை எப்படி இறக்குவது என்று நாடாவோடு நடந்து பாருங்கள். எசல பெரஹரா நாட்களில் நகருக்குள் லொறி கொண்டுவரும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

மின்சாரம்: இங்கேதான் அதிகம் பேர் தடுக்குகிறார்கள்

சாதாரண வீட்டு இணைப்பு 230 வோல்ட், 30 அம்பியர், ஒற்றைக் கட்டம். பெருக்கினால் 6,900 வாற்று. கேட்க நிறைய. பிட்டைச் சுழற்றும் 2.2 கிலோவாற்று ஸ்பிண்டில், 1.5 கிலோவாற்று கம்ப்ரசர், வீட்டுக்குள் கேத்தல், ஸ்திரிக்கைப்பெட்டி, சோற்றுக் குக்கர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் விளிம்புக்கு வந்துவிடுவீர்கள். கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழமையான மின்னோட்டத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். வெளிச்சம் மங்குவது அதனால்தான். பட்டறைக்குத் தனி வயர், தனி பிரேக்கர், தனி மண்தொடுப்புக் கம்பி – இதற்கு உரிமம் பெற்ற மின் தொழிலாளர்தான் வேண்டும், மச்சானின் நண்பர் போதாது.

மூன்று கண்ணிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜப்பான் பழைய இயந்திரம். இலங்கையில் கைமாறும் பழைய இயந்திரங்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை, இரும்பு அருமையாக இருக்கும். ஆனால் அங்கே மூன்று கட்ட மின்சாரம் 200 வோல்ட், இங்கே 400. நேரே மாட்டினால் புகைதான் வரும். நடுவில் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

இரண்டாவது, ட்ரிப் சுவிட்ச். ஸ்பிண்டிலை ஓட்டும் வேகமாற்றிப் பெட்டி தன் இயல்பிலேயே கொஞ்சம் மின்னோட்டத்தை மண்ணுக்குக் கசிய விடும். வீட்டின் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதைப் பழுதென்று எண்ணி விழும். உள்ளே யாரோ பார்த்துக்கொண்டிருந்த நாடகமும் நின்றுபோகும். எரிச்சலில் ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுப்பது கொலைக்குச் சமம். வேகமாற்றிக்கு ஏற்ற வகை ட்ரிப் சுவிட்சைப் பட்டறைக்கெனத் தனியாகப் போடுவதே வழி.

மூன்றாவது, இடியும் மின்வெட்டும். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் ஹந்தானைப் பக்கம் இருண்டால், ஓடும் வேலையை முடித்துப் பிளக்கைக் கழற்றுங்கள். மின்னெழுச்சித் தடுப்பான் போடுங்கள், அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுதும் ஒரேயடியாக இருண்டது. நடு வெட்டில் கரண்ட் போனால் அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் தான் நிற்கும் இடத்தை மறந்துவிடும். ஆகவே கட்டுப்பாட்டுக் கணினிக்கு ஒரு சிறு யூ.பி.எஸ்., அச்சுகளின் எல்லையில் ஹோமிங் சுவிட்ச். ஸ்பிண்டிலை யூ.பி.எஸ்ஸில் ஓட்ட முனையாதீர்கள். கரண்ட் வந்ததும் இயந்திரத்தை ஹோமுக்கு அனுப்பினால், ஜி54 என்ற பெயரில் சேமித்த துண்டின் பூச்சியத்தை மறுபடி கண்டுபிடிக்கும். துண்டும் தப்பும்.

கட்டணத்தையும் கவனியுங்கள். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக்கூட விலையும் ஏறும். 42 கே.வி.ஏ.க்கு உட்பட்ட சிறு தொழிலுக்குத் தனிக் கைத்தொழில் கட்டண வகை உண்டு. தொழில் நடக்கிறதென்றால் வகையை மாற்றுவது சட்டப்படியும் சரி, பெரும்பாலும் கணக்குப்படியும் சரி.

எந்த இயந்திரம்

1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவை வாசித்து உலோகம் வெட்டிய முதல் இயந்திரத்தைக் காட்டியபோது, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓர் அறையளவு. 2009இல் நோர்வேக்காரரான சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் அதே வேலையை உள்ளங்கை அளவு ஆர்டுயினோ பலகையில் செய்யும் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருளை எழுதி இலவசமாக விட்டார். உங்கள் கராஜில் இது சாத்தியமானதற்கு அந்தச் சுருக்கமே காரணம். மூளை மலிந்துவிட்டது. இரும்பு மலியவில்லை.

ஆகவே இரும்பைப் பார்த்து வாங்குங்கள். 3018 என்ற பெயரில் வரும் 300க்கு 180 மி.மீ. மேசைப் பொம்மை, பழகுவதற்கு நல்லது. மரம், பிளாஸ்ரிக், மெல்லிய பித்தளையில் எழுத்து வெட்டலாம், எவர்சில்வர் கேட்டால் அழும். 6040 வகை பாலச் சட்ட ரூட்டர் அலுமினியத்தைப் பொறுமையாக வெட்டும். உருக்கு வெட்ட வேண்டுமென்றால் வார்ப்பிரும்பு உடலும் சில நூறு கிலோ எடையும் உள்ள மில்லிங் இயந்திரம். உங்கள் கொப்பியில் உள்ள நான்கு சாமானும் உருண்டை வடிவமென்றால் மில்லிங்கை விட்டுச் சிறு சி.என்.சி. லேத் தேடுங்கள். கொப்பி ஏன் முதலில் என்று இப்போது புரிந்திருக்கும்.

பணம் முழுவதையும் இயந்திரத்தில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வைஸ், எண்ட்மில், டிரில் பிட், டயல் கேஜ், மைக்ரோமீற்றர், கம்ப்ரசருக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து இறக்கினால், கட்டளை கொடுக்கும் முன்பே கொழும்பில் ஒரு வார்ஃப் கிளார்க்கிடம் பேசுங்கள். மெஷினிங் சென்டர் 8457, லேத் 8458, மில்லிங் 8459 என்ற சுங்கத் தலைப்புகளில் வரும். எந்தத் தலைப்பு என்பதைப் பொறுத்தே வரி. பழைய மோட்டார், பெயரிங், கியர் தேடுவோருக்குப் பஞ்சிகாவத்தை இருக்கவே இருக்கிறது.

மென்பொருளுக்கு ஃப்ரீகாட் இலவசம். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தபின் நம்பி வேலை செய்யும் அளவுக்குத் தேறிவிட்டது. ஃபியூஷன் என்ற மென்பொருளின் இலவச உரிமம் வருடத்துக்கு 1,000 அமெரிக்க டொலருக்குக் குறைவாகச் சம்பாதிப்போருக்கு மட்டுமே. பட்டறை நன்றாக ஓடினால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

கடதாசி வேலை, அயலவர் காது

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். தொழில் உரிமம் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. உங்கள் தொழில் எந்தப் பட்டியலில் விழுகிறது என்று தொடங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குரோம், நிக்கல் முலாம் பூசுவதை வீட்டில் தொடவே வேண்டாம். அது வேறு உலகம், வேறு நஞ்சு.

உரிமத்தைவிட அயலவரின் காது முக்கியம். 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50. அந்த விதிக்கு மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இரவு. குண்டசாலைக்காரருக்கு நகரத்தைவிட இறுக்கமான எல்லை என்பதைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் வெட்டும் சத்தத்தைவிடக் கம்ப்ரசர்தான் எதிரி. அதை அயலவர் பக்கமில்லாத சுவரோரம் வைத்து, காற்றோட்டம் விட்டுப் பெட்டி கட்டி, அடியில் இறப்பர் வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கேற் கழன்று விழுந்தால் கூலியில்லாமல் ஒரு புஷ் போட்டுக் கொடுங்கள். எந்த டெசிபெல் மீற்றரும் அவ்வளவு உதவாது.

ஈரம், துரு, பல்லி

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு முழுக்கப் பட்டறையைத் திறக்காமல் விட்டுத் திங்கள் காலை வைஸைத் தொட்டுப் பாருங்கள். விரலில் செம்மஞ்சள் நிறம் ஒட்டும். வேலை முடிந்ததும் வார்ப்பிரும்பு முகங்களில் 68ஆம் இலக்க வழுக்குப்பாதை எண்ணெயை மெல்லப் பூசுங்கள். வியர்வைக் கையால் அளவுகோல்களைத் தொட்டுவிட்டு அப்படியே வைக்க வேண்டாம். மைக்ரோமீற்றரும் புதிய எண்ட்மில்களும் மூடிய அலுமாரியில், கீழ்த் தட்டில் பழைய வகை 15 வாற்று பல்பு ஒன்று எரிய, இருந்தால் போதும். விலையுயர்ந்த எந்தப் பெட்டியும் இதற்கு ஈடாகாது.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சூடு இருக்கும், பல்லிக்குச் சூடு பிடிக்கும். இரண்டு முனைகளுக்கிடையில் அது படுத்தால் பல்லியும் போகும், பலகையும் போகும். வயர் நுழையும் ஒவ்வொரு துளையையும் அடையுங்கள். உடவத்தகலைப் பக்கம் வீடென்றால் குரங்குக்கும் சேர்த்து வலைக்கதவு. மினுங்கும் எதையும் அது விட்டுவைக்காது.

முதல் வேலை: 91 துளை

பழக ஒரு நல்ல சாமான் சொல்கிறேன்: இடியப்ப உரலின் அடியில் போடும் துளைத்தகடு. சிறியது, எல்லா வீட்டிலும் உள்ளது, சமையல் தொழில் செய்வோர் அடிக்கடி மாற்றுவது. மேல்பக்கம் ஒவ்வொரு துளைக்கும் புனல் போலக் குழி வைத்தால் மா இலகுவாக இறங்கும், பிழிகிறவரின் தோள் தப்பும். லேசரால் அந்தக் குழியைப் போட முடியாது.

முதலில் உலோகம். பித்தளை வெண்ணெய் போல வெட்டுப்படும், அதனால்தான் ஆபத்து. இலகுவாகக் கடைய ஈயம் சேர்த்த பித்தளைத் தண்டுகளில் நூற்றுக்கு மூன்று பங்கு வரை ஈயம் இருக்கலாம். உணவு தொடும் எதற்கும் அது வேண்டாம். எவர்சில்வர் 304 நல்லது, ஆனால் டிரில் பிட் ஓரிடத்தில் தயங்கினாலும் உலோகம் இறுகிப் பிட்டை முறித்துவிடும். அதைப் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு 5 மி.மீ. தடிப்பு அலுமினியம், விட்டம் 60 மி.மீ.

நடுவில் ஒரு துளை. அதைச் சுற்றி 6, அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24, 30. மொத்தம் 91. துளைக்குத் துளை 5 மி.மீ. தூரம் வைத்தால் அறுகோணத்தின் மூலைக்கு மூலை 50 மி.மீ. வரும், ஓரத்தில் 5 மி.மீ. விளிம்பு மிஞ்சும். முதலில் 90 பாகைக் கூர் கொண்ட பிட்டால் 2 மி.மீ. ஆழம் இறக்கினால் 4 மி.மீ. அகலக் குழி. அதன் நடுவே 1.5 மி.மீ. துளை. மீதித் தடிப்பு 3 மி.மீ. மட்டுமே என்பதால் சின்னப் பிட் அலையாது.

வேகம்: நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கு, வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, விட்டத்தாலும் 3.14ஆலும் வகுக்க வேண்டும். அலுமினியத்தில் சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு நிமிடத்துக்கு 40 மீற்றர் வைத்தால் 1.5 மி.மீ. பிட்டுக்கு ஏறத்தாழ 8,500 சுற்று. 8,000 வையுங்கள். ஒரு சுற்றுக்கு 0.03 மி.மீ. இறக்கினால் நிமிடத்துக்கு 240 மி.மீ. கொத்திக் கொத்தி இறக்குங்கள், சீவல் வெளியே வரட்டும். ஒரு துளைக்கு நகர்வும் சேர்த்து நாலு விநாடி. ஒரு தட்டுக்கு துளை போட ஆறு நிமிடம், குழி போட மூன்று நிமிடம்.

ஒரு தட்டை மட்டும் வைஸில் பிடித்தால் குழிக்கு மூன்று நிமிடம், துளைக்கு ஆறு நிமிடம் என்று ஒவ்வொன்றும் முடிந்ததும் பிட் மாற்ற ஓட வேண்டும். அது தானியங்கி இல்லை, நீங்கள்தான் இயந்திரத்தின் வேலையாள். 12 மி.மீ. அலுமினியப் பலகை ஒன்றை எடுத்து, அந்த இயந்திரத்தாலேயே அதில் 60 மி.மீ. விட்டத்தில் ஆறு வட்டக் குழி வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் விளிம்பை அமுக்கும் இரண்டு கிளாம்ப். துளைகள் விழும் இடத்தில் பலகைக்கும் துளை, அப்போது பிட் முனைக்கு இடமிருக்கும். இப்போது ஆறு தட்டுக்கும் குழி: 18 நிமிடம். ஒரு முறை பிட் மாற்றம். ஆறு தட்டுக்கும் துளை: 36 நிமிடம், 546 துளை. அந்த 36 நிமிடமும் உங்களுடையது. தானாகப் பிட் மாற்றும் விலை உயர்ந்த சாதனம் எதுவும் வாங்காமல், ஒரு பலகையால் வந்த நேரம்.

என் முதல் பலகையில் கிளாம்ப் தலை 4 மி.மீ. உயரமாக இருந்தது. நகரும்போது பிட் தூக்கும் உயரத்தை 3 என்று போட்டிருந்தேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். 38ஆவது துளைக்குப் பிறகு இயந்திரம் பிட் இல்லாமல் வெறும் காற்றில் மிக அழகாக, மிகத் துல்லியமாகத் துளை போட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தட்டைத் திருப்பி, அடிப்பக்கம் 400 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் எட்டு வடிவில் தேயுங்கள். பிசிறு ஒன்று மிஞ்சினாலும் இடியப்பம் அந்த இழையில் அறுந்து விழும். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

விட்டு நகர்வது

ஜப்பானில் ஃபூஜி மலையடிவாரத்து ஓஷினோவில் ஃபனுக் கம்பனியின் ஆலை ஆளில்லாமல் நாட்கணக்கில் ரோபோக்களைச் செய்கிறது. அதைப் படித்துவிட்டு இரவில் இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஒலி விதி ஒரு பக்கம் இருக்கட்டும். ஓஷினோவில் பிட் முறிந்தால் இயந்திரத்துக்குத் தெரியும், உங்களுடையதற்குத் தெரியாது.

படிப்படியாக விலகுங்கள். ஒரே ப்ரோகிராமைப் பத்து முறை பக்கத்தில் நின்று பாருங்கள். பத்தும் பிசகாமல் வந்தால் அடுத்த பத்துக்கு அதே அறையில் வேறு வேலை செய்யுங்கள், காது அங்கேயே இருக்கட்டும். பிறகு வீட்டுக்குள் போகலாம், மலிவான கமரா ஒன்று தொலைபேசியில் காட்டட்டும். பிட் முனை தொட்டால் சைகை தரும் தொடுபட்டன் ஒன்றைப் பலகை ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு தட்டு முடிந்ததும் பிட்டின் நீளத்தைச் சரிபார்க்கச் சொல்லி எழுதினால், முறிந்த கணத்தில் இயந்திரம் நிற்கும். பிட் தேயும்வரை காத்திருக்காமல், இத்தனை துளைக்கு ஒருமுறை என்று எண்ணி மாற்றுங்கள். சீவலைக் காற்று ஊதி ஒதுக்க ஒரு குழாய். சீவல் சிக்குவதே ஆளில்லா ஓட்டத்தின் முதல் எதிரி.

ஆளில்லா வீட்டில் மட்டும் ஓடவிட வேண்டாம். எண்ணெயும் மின்சாரமும் சூடும் ஓரிடத்தில் இருக்கின்றன. கைக்கெட்டும் வாசலோரம் காபனீரொட்சைட்டு அணைப்பான் ஒன்று தொங்கட்டும்.

உடுப்பும் கழிவும்

வீட்டுக் கராஜ் என்பதால் சாரத்தோடு இறங்கி வரும் பழக்கம் வரும். வேண்டாம். சுழலும் ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் சாரம், துப்பட்டா, சேலைத் தலைப்பு, விரிந்த தலைமுடி, கையுறை எதுவும் கூடாது. கையுறை பாதுகாப்பென்று நினைப்போர் உண்டு. சுழலும் பிட் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். சீவலைத் தூரிகையால் தள்ளுங்கள், விரலால் இல்லை. கண்ணாடி எப்போதும். பிள்ளைகள் வரும் வீடென்றால் அவசர நிறுத்தப் பொத்தானைக் காட்டிக்கொடுத்து, கதவையும் பூட்டுங்கள்.

பழைய வெட்டெண்ணெயை வடிகானில் ஊற்றினால் அது எங்கே போகும் என்று கண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஓடையும் மகாவலிக்குத்தான். அடைத்த கான்களில் சேர்த்துப் பழைய எண்ணெய் எடுப்போரிடம் கொடுங்கள். அலுமினியச் சீவலையும் பித்தளைச் சீவலையும் கலக்காமல் வைத்தால் பழைய இரும்புக்காரர் நல்ல விலை தருவார், கலந்தால் குப்பை விலை.

என்ன விலை சொல்வது

புதியவர்கள் உலோக விலையோடு கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கை நேரத்தில் போடுங்கள். இயந்திர விலையை எத்தனை வருடத்தில் மீட்க நினைக்கிறீர்களோ அத்தனை வருட வேலை மணிகளால் வகுத்து, மின்சாரம், பிட், திருத்தச் செலவு சேர்த்தால் இயந்திர மணிக்கூலி. உங்கள் மணிக்கூலி வேறு. கணக்குக்காக இயந்திரம் மணிக்கு 1,000 ரூபா, நீங்கள் 800 ரூபா என்று வையுங்கள். ஆறு தட்டுக்கு 54 நிமிட இயந்திரம், ஏற்றி இறக்கித் தேய்க்க உங்கள் 30 நிமிடம்: 900 உடன் 400, ஆறால் வகுத்தால் தட்டொன்றுக்குக் கூலி 217 ரூபா. உலோகமும் இலாபமும் அதன் மேல்.

இதில் வரைந்ததும் பலகை செய்ததும் இல்லை. இரண்டு நாள் அதற்குப் போயிருக்கும். நூறு தட்டு விற்றால் அது பெரிதாகத் தெரியாது, ஆறு தட்டோடு நின்றால் முழு நட்டம். எனவே "இதே மாதிரி ஒன்று" கேட்டு வருபவருக்கு ஆயத்தச் செலவை வெளிப்படையாகத் தனி வரியில் எழுதிக் கொடுங்கள். "ஒன்று இவ்வளவு, இருபது எடுத்தால் ஒன்று இவ்வளவு" என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விலை. ஆலை மெக்கானிக் அந்த விலைத்துண்டை முகாமையாளரிடம் காட்டுவார். அவசர வேலையென்றால் கூச்சப்படாமல் அடுத்த தெரு பாஸிடம் அனுப்புங்கள். அவரிடம் ஒரே அளவில் ஐம்பது கேட்டு வருபவரை அவர் உங்களிடம் அனுப்புவார். சிங்களத்தில் நாலு பட்டறைச் சொல் தெரிந்திருந்தால் இந்த உறவு இன்னும் சீக்கிரம் வளரும். கண்டிப் பட்டறைகளில் பாதிப் பேச்சு அந்த மொழியில்தான்.

அடுத்து என்ன வாங்குவது

ஆறு மாதம் கழித்து இரண்டாவது சி.என்.சி. வாங்க ஆசை வரும். அதற்குமுன் ஒரு கிழமை நேரத்தை எழுதி வையுங்கள். இயந்திரம் எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி சும்மா நின்றது, ஏன் நின்றது. என் கொப்பியில் "ஏன்" என்ற பத்தியில் அதிகம் எழுதியிருந்தது ஒரே விடயம்: தண்டிலிருந்து துண்டு வெட்டி முடியவில்லை. எட்டாயிரம் சுற்று ஓடும் இயந்திரம், வாசலில் குந்தியிருந்து ஹக்சோ இழுத்துக்கொண்டிருந்த எனக்காகக் காத்திருந்தது. அடுத்த மாதம் பழைய பாண்ட்சோ ஒன்று வாங்கினேன்.